தன்னைத் தொடும் வினைச்சொல்



சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியாக நடந்து, பெருமாள் கோயிலை நெருங்கும்போது ஃபேரர் பார்க் வட்டாரம் வந்துவிடுகிறது. இன்று அந்தப் பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 1843இலிருந்து 1933 வரை அங்கே இருந்தது குதிரைப் பந்தயத் திடல். பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிய பிறகு அது விளையாட்டுத் திடலாயிற்று. நகராட்சித் தலைவராக இருந்த ஃபேரர் என்பவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பக்கத்துச் சாலைக்கு இன்றும் ரேஸ் கோர்ஸ் சாலை என்றே பெயர்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரின் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் பணிந்தது. இரண்டு நாள் கழித்து, 17ஆம் நாள், பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய இந்தியச் சிப்பாய்கள் மட்டும் ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டார்கள். அவர்கள் 40,000 பேருக்கு மேல் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் சில சொற்கள் பேசி, இனி நீங்கள் ஜப்பானியரின் ஆணைக்கு உட்பட்டவர்கள் என்று அறிவித்து நகர்ந்துகொண்டார். அடுத்து மேஜர் ஃபூஜிவாரா ஜப்பானிய மொழியில் பேசினார். அவர் பேச்சு ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. ஆங்கிலத்திலிருந்து இந்துஸ்தானிக்குப் பெயர்க்கப்பட்டது. பிறகு கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவம் என்ற படையில் சேர வருமாறு அழைத்தார்.

அன்றைக்கு நடந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னால் என்ன வினைச்சொல்லைப் போடுவோம்? சிப்பாய்கள் ‘சரணடைந்தார்கள்’ என்று ஒருவர் எழுதுவார். ‘ஒப்படைக்கப்பட்டார்கள்’ என்று வேறொருவர் எழுதுவார். ‘சேர்ந்துகொண்டார்கள்’ என்று மூன்றாமவர் எழுதுவார். திடலும் நாளும் ஆட்களும் மாறவில்லை. ஆனால் செய்தவர் யார், யாருக்குச் செய்தார் என்பது ஒவ்வொரு சொல்லிலும் மாறிப்போகிறது. செயல் பிறரிடம் போகிறதா, செய்தவரிடமே திரும்பி வருகிறதா என்பதைக் காட்டும் சொற்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதற்காக ஸ்பானிஷ் மொழியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மற்றொரு மொழியின் அருகே நிறுத்தினால்தான் நம் மொழியின் உயரம் நமக்கே தெரியும்.

ஸ்பானிஷ் ஸ்பெயின் நாட்டில் பிறந்த மொழி. இன்று மெக்சிகோ, பெரு, அர்ஜென்டினா உள்ளிட்ட 20 நாடுகளில் அதுவே ஆட்சிமொழி. அது நமக்கு ஏதோ எட்டாத தூரத்து மொழி என்று எண்ண வேண்டாம். நம் கடலுக்கு அந்தப் பக்கத்தில் உள்ள பிலிப்பைன்ஸ் 1565 முதல் 1898 வரை ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது.

அந்த மொழியில் ‘லாவோ லா ரோப்பா’ என்றால் ‘துணியைக் கழுவுகிறேன்’ என்று பொருள். ‘மே லாவோ’ என்றால் ‘என்னைக் கழுவிக்கொள்கிறேன்’. முன்னே நிற்கும் ‘மே’ என்ற சிறு சொல்தான் செயலைத் திருப்பிவிடுகிறது. நீ உன்னைக் கழுவிக்கொண்டால் ‘தே லாவாஸ்’. அவன் அல்லது அவள் என்றால் ‘சே லாவா’. நாம் என்றால் ‘நோஸ் லாவாமோஸ்’. அவர்கள் என்றால் ‘சே லாவான்’. படர்க்கையில் ஒருமைக்கும் பன்மைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘சே’ ஒன்றே. அகராதியில் பார்த்தால் ‘லாவார்’ என்று ஒரு சொல்லும், அதன் வாலில் ‘சே’யை ஒட்டி ‘லாவார்சே’ என்று மற்றொரு சொல்லும் இருக்கும். முதலாவது பிறரையோ பிற பொருளையோ கழுவுதல். இரண்டாவது தன்னைக் கழுவிக்கொள்ளுதல்.

பால்மரத் தோட்டத்தில் ஒரு தாயின் விடியற்காலையை எண்ணிப் பாருங்கள். எழுந்தாள், முகம் கழுவிக்கொண்டாள், தலை வாரிக்கொண்டாள், சேலை உடுத்திக்கொண்டாள், பெரட்டுக்குப் போனாள். இதை ஸ்பானிஷ் மொழியில் சொன்னால் எழுவதற்கும், முகம் கழுவுவதற்கும், தலை வாருவதற்கும், உடுத்துவதற்கும் ‘சே’ வரும். ‘இங்கிருந்து கிளம்பிவிட்டாள்’ என்ற பொருளில் போவதற்குக்கூட ‘சே’யைச் சேர்ப்பார்கள். தமிழில் கழுவுவது, வாருவது, உடுத்துவது ஆகிய மூன்றிலும் ‘கொண்டாள்’ வந்துவிட்டது. ‘எழுந்தாள்’ என்பதில் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை?

இங்கேதான் இரண்டு மொழிகளும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. ஸ்பானிஷ் மொழியில் ‘லெவாந்தார்’ என்றால் ‘எழுப்புதல்’, ‘தூக்குதல்’. அதுதான் அடிச்சொல். அதனுடன் ‘சே’யைச் சேர்த்து ‘தன்னை எழுப்பிக்கொள்ளுதல்’ என்று ஆக்கினால் ‘எழுதல்’ கிடைக்கும். தமிழிலோ ‘எழு’ என்பது அடிச்சொல். அதற்கு உறுப்புச் சேர்த்து ‘எழுப்பு’ என்று ஆக்குகிறோம். அவர்களுக்குக் குளிப்பாட்டுதல் முதலில். அதைத் திருப்பினால் குளித்தல். நமக்குக் குளித்தல் முதலில். அதை நீட்டினால் குளிப்பாட்டுதல். இப்படி ஸ்பானிஷ் பல வினைகளில் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. தமிழ் உள்ளிருந்து வெளியே போகிறது. இதைத்தான் நம் இலக்கணத்தார் தன்வினை, பிறவினை என்று பிரித்தார்கள். திருந்தினான், திருத்தினான், அடங்கினான், அடக்கினான், சேர்ந்தான், சேர்த்தான், உடைந்தது, உடைத்தான். மெல்லெழுத்து வல்லெழுத்தாகும் அந்தச் சின்ன அசைவிலேயே செய்தவர் மாறிவிடுகிறார். நம் பிள்ளைகள் இதை எந்தப் பள்ளிக்கும் போகாமல் தாய்மடியிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

ஆக, ஸ்பானிஷ் ஒரு ‘சே’யைக் கொண்டு செய்யும் வேலையைத் தமிழ் பல கருவிகளைக் கொண்டு செய்கிறது. தன்வினை ஒன்று. ‘தன்னை’ என்ற சொல் மற்றொன்று. ‘கொள்’ என்ற துணைவினை மூன்றாவது. பின்னிரண்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு.

‘தான்’ ஒருமைக்கு உரியது, ‘தாம்’ பன்மைக்கு உரியது என்று தொல்காப்பியம் பெயரியலில் வகுத்துச் சொல்கிறது. தான் என்பது வேற்றுமை உருபு ஏற்கும்போது தன் என்று குறுகும்: தன்னை, தனக்கு, தனது. ‘முருகன் அவன் வீட்டுக்குப் போனான்’ என்றால் யார் வீடு என்ற ஐயம் எழும். ‘முருகன் தன் வீட்டுக்குப் போனான்’ என்றால் ஐயமே இல்லை. லத்தீன் மொழியிலும் இப்படிப் படர்க்கைக்கு மட்டும் ‘சே’ என்று தனிச்சொல் இருந்தது. அந்த லத்தீனின் பிள்ளைதான் ஸ்பானிஷ். இரு குடும்பங்களுக்கும் இரத்த உறவு இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே தேவைக்கு ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

இந்தத் ‘தன்’ நம் உறவுச் சொற்களுக்குள்ளேயே குடியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பழந்தமிழில் எந்தை என்றால் என் தந்தை. நுந்தை என்றால் உன் தந்தை. தந்தை என்றால் அவனுடைய தந்தை. அவ்வாறே எம்பி, நும்பி, தம்பி; எங்கை, நுங்கை, தங்கை. காலப்போக்கில் முதல் இரண்டும் வழக்கொழிந்தன. மூன்றாவது மட்டும் நிலைத்து, எல்லாருக்கும் பொதுவாயிற்று. இன்று லயத்து வாசலில் நின்று ‘தம்பி, இங்கே வா’ என்று கூப்பிடும்போது, அச்சொல்லுக்குள் ‘தம்’ என்ற பழைய பெயர் மறைந்திருப்பதை நாம் நினைப்பதில்லை.

மரியாதைச் சொல்லும் இப்படித்தான். பெரியவர்களைத் ‘தாங்கள் அமருங்கள்’ என்கிறோம். இந்தத் ‘தாங்கள்’ உண்மையில் படர்க்கைக்கு உரிய பன்மைச் சொல். நேரே நிற்பவரை நேரே சுட்டாமல், சற்றே தள்ளிவைத்துச் சுட்டுவதை மரியாதை என்று தமிழர் கருதினர். ஸ்பானிஷ்காரர்களும் அதையே செய்தனர். மரியாதைக்கு அவர்கள் சொல்லும் ‘உஸ்தெத்’ என்பது ‘தங்கள் மேன்மை’ என்ற பொருள்கொண்ட பழைய தொடர் தேய்ந்து வந்தது. ஆகவே எதிரில் நிற்பவரிடம் பேசும்போதும், படர்க்கைக்கு உரிய ‘சே’யைத்தான் அதனோடு சேர்ப்பார்கள்.

இனிக் ‘கொள்’ என்பதைப் பார்ப்போம். கொள்ளுதல் என்றால் பெறுதல், வாங்குதல், ஏற்றல். கொள்முதல் என்கிறோம்; சம்பந்தம் பேசும்போது கொள்வினை, கொடுப்பினை என்கிறோம். இந்தச் சொல் மற்றொரு வினையின் பின்னால் போய் நின்றால், அச்செயலின் பயனோ பாதிப்போ செய்தவரிடமே வந்து சேர்கிறது. சோறு சமைத்தாள் என்றால் யாருக்கோ சமைத்திருக்கலாம். சமைத்துக்கொண்டாள் என்றால் தனக்குத்தான். பேச்சு வழக்கில் ‘சமைச்சிக்கிட்டா’ என்று ‘கிட்டு’ ஆகிவிடும். இருவர் ஒருவரையொருவர் தாக்கினாலும் ‘அடித்துக்கொண்டார்கள்’ என்போம். ஸ்பானிஷிலும் அந்த இடத்தில் ‘சே’தான் வரும்.

ஐரோப்பியர் இந்த நுட்பத்தை எப்போது எதிர்கொண்டார்கள்? முத்துக்குளித்துறையில் வாழ்ந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கசு என்பவர், 1549 வாக்கில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். தமிழுக்கு இலக்கணம் எழுதிய முதல் ஐரோப்பியர் அவரே. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழில் தந்தவரும் அவரே. போர்த்துக்கீசியம் ஸ்பானிஷின் உடன்பிறந்த மொழி. அதிலும் இதே ‘சே’ உண்டு. ஆகவே, தன்னிடமே திரும்பும் வினையைத் தாய்மொழியிலேயே அறிந்த ஒருவர்தான் ஐரோப்பியர்களில் முதலில் தமிழ் இலக்கணம் எழுத உட்கார்ந்தார். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ‘கொள்’ என்னும் துணைவினையின் இந்தத் திறத்தை எடுத்துக்காட்டினார்.

நேயர்களே, இதெல்லாம் புலவர்களுக்கான செய்தி, நமக்கு எதற்கு என்று யாரும் நினைக்கலாம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். மரம் சீவும் வேலையில் உளி வழுக்கி ஒருவர் கையில் காயம் பட்டுவிட்டது. ‘கையை வெட்டிக்கொண்டான்’ என்கிறோம். ஸ்பானிஷ்காரர் ‘சே கோர்த்தோ லா மானோ’ என்பார். இரண்டு மொழியிலும் ‘தன் கையை’ என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ‘கொண்டான்’ என்பதும் ‘சே’ என்பதும் அது யார் கை என்று காட்டிவிடுகின்றன. வேண்டுமென்றே வெட்டினான் என்றும் பொருளில்லை. பேசுகிற நமக்கு அது தெரியும். ஆனால் இந்த வாக்கியம் எழுத்தில் ஏறி, வேறு மொழிக்குப் போய், அலுவலக மேசையில் உட்காரும்போது, ‘அவனே அவன் கையை வெட்டினான்’ என்று ஆகிவிடக்கூடும். உளியின் பிடி தளர்ந்திருந்ததும், மண் சறுக்கியதும் காணாமல் போய்விடும். ‘உளியின் பிடி கழன்று கையில் வெட்டுப் பட்டது’ என்று எழுதினால் காரணமும் கூடவே நிற்கும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஸ்பானிஷில் கண்ணாடிக் குவளை உடைந்தால் ‘சே ரொம்பியோ எல் வாசோ’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘குவளை தன்னை உடைத்துக்கொண்டது’. உடைத்தவர் யார் என்பதே அங்கு இல்லை. தமிழில் ‘குவளை உடைந்தது’ என்றாலும் அப்படியே. அடுப்படியில் குவளை உடைந்தால் பரவாயில்லை. மனிதர் வாழ்க்கை உடைந்ததைச் சொல்லும்போது, உடைத்தவரை விட்டுவிட்டுப் பேசலாமா?

இப்போது ஃபேரர் பார்க் திடலுக்குத் திரும்புவோம். ஸ்பானிஷில் சரணடைதலுக்கு ‘ரெந்திர்சே’ என்று பெயர். அது ‘சே’ சேர்ந்த வினை. ‘எந்த்ரெகார்’ என்றால் ஒப்படைத்தல். ‘சே எந்த்ரெகாரோன்’ என்றால் அவர்கள் தங்களை ஒப்படைத்துக்கொண்டார்கள். ‘லோஸ் எந்த்ரெகாரோன்’ என்றால் அவர்களைப் பிறர் ஒப்படைத்தார்கள். ‘சே’ என்பது ‘லோஸ்’ என்று மாறியதும் வரலாறே மாறிவிட்டது. அந்தத் திடலில் நின்ற சிப்பாய்களைப் பற்றி எந்த வாக்கியம் உண்மை?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிற்று. போர் முடிந்த பிறகு, 1945 நவம்பரில், தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என்ற மூன்று அதிகாரிகள் மீது ராணுவ நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அவர்களுக்காக வாதாடியவர் பூலாபாய் தேசாய். மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த விசாரணையில் ஃபேரர் பார்க்கில் என்ன நடந்தது, யார் யாரை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதும் பேசப்பட்டது. தாமாகவே போனவர்கள் என்றால் ஒரு நியாயம்; தலைவர்களாலேயே கைவிடப்பட்டு ஒப்படைக்கப்பட்டவர்கள் என்றால் வேறொரு நியாயம். ஒரு வினைச்சொல்லின் மீது மனிதரின் உயிர் தொங்கிய நேரம் அது.

உண்மையோ ஒற்றை வினைச்சொல்லுக்குள் அடங்குவதாக இல்லை. பிரிட்டிஷ் தளபதி சரணடைந்தார், சிப்பாய்கள் ஒப்படைக்கப்பட்டார்கள், பல்லாயிரவர் புதிய படையில் சேர்ந்துகொண்டார்கள், பல்லாயிரவர் சேர மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலர் தொலைதூரத் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சேர்ந்தவர்களிலும் சிலர் விடுதலைக்காகச் சேர்ந்தார்கள். சிலர் கூட இருந்தவர்களைக் காக்கச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு வினைச்சொல் வேண்டும்.

நம் தோட்டத்து வரலாற்றுக்கும் இதுவே முறை. நம் முன்னோர் மலாயாவுக்கு ‘வந்தார்கள்’ என்று எழுதுகிறோம். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது அதற்குப் பின்னும் நடந்தது. உதவிப் பயணத்தில் தொழிலாளரை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. அத்தனை ஆண்டுகளிலும் வந்தவர்களும் உண்டு, அழைத்துவரப்பட்டவர்களும் உண்டு, ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. பஞ்சத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள ஓடிவந்தவர்களும் உண்டு.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் அந்த வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. அவர்களைப் பற்றிப் பேசும்போது ‘சயாமுக்குப் போனார்கள், செத்துப்போனார்கள்’ என்றுதான் வீடுகளில் சொல்கிறோம். இரண்டும் தன்வினை. கொண்டுபோனவன் அந்த வாக்கியத்தில் இல்லை. பட்டினி போட்டவனும் மருந்து கொடுக்காதவனும் இல்லை. யாரையும் வெறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்த அளவு மரியாதை, வாக்கியத்தைச் சரியாக எழுதுவதே.

அதே வேளையில், அவர்கள் செய்ததைச் செய்யப்பட்டதாக எழுதுவதும் பிழைதான். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு, தோட்டத் தொழிலாளர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் தாமே முன்வந்து பெயர் கொடுத்தார்கள். கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களைப் பற்றி எழுதும்போது ‘சேர்க்கப்பட்டார்கள்’ என்று எழுதிவிடக் கூடாது. ‘சேர்ந்துகொண்டார்கள்’ என்ற சொல் அவர்களுக்கு உரியது. பால் வாளியைத் தூக்கிய கைகள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டன. அந்தக் ‘கொள்’ என்னும் சொல்லைப் பறித்துவிட்டால் அவர்களுடைய துணிவையே பறித்துவிட்டதாக ஆகும்.

தோட்டப் பள்ளிகளில் பாடம் சொல்லும் நாங்கள் பிள்ளைகளிடம் ஒரு பயிற்சியைத் தருவதுண்டு. தாத்தா, பாட்டியின் கதையை ஐந்து வாக்கியத்தில் எழுதி வரச் சொல்வோம். பிறகு ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடு போடச் சொல்வோம். இதைச் செய்தவர் யார், யாருக்குச் செய்தார், தாமே செய்தாரா, பிறர் செய்ய வைத்தாரா என்று கேட்போம். பிள்ளைகள் விடை தெரியாமல் வீட்டுக்கு ஓடி, பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். அதுவரை வீட்டில் பேசப்படாத செய்திகள் அப்போதுதான் வெளிவரும். இதை நீங்களும் செய்து பாருங்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

தன்மானம், தன்னம்பிக்கை, தன்னாட்சி என்று ‘தன்’னில் தொடங்கும் பெருஞ்சொற்களை மேடைகளில் கேட்கிறோம். அவற்றுக்கு வேர் அந்தச் சின்னஞ்சிறு ‘தன்’ தான். தன்னைப் பற்றித் தானே சரியாகச் சொல்லத் தெரிந்த சமுதாயத்தைப் பற்றிப் பிறர் தவறாகச் சொல்வது கடினம். இன்றிரவு பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து, குடும்பத்தின் கதையைச் சரியான வினைச்சொற்களோடு சொல்லிக்கொடுங்கள். அவர்கள் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.